தீ அணைந்த பிறகு நிற்கும் சுவர் யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு பழைய கடைத்தெருவில் தீ பிடித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கூரை ஓடு விழும். பலகை மாடி கீழே இறங்கும். சரக்கெல்லாம் சாம்பலாகும். விடிந்து பார்த்தால், முன்பக்கச் சுவர் மட்டும் யன்னல் ஓட்டைகளோடு கறுத்துப்போய் நிற்கும். இரண்டாம் நாள் அனுதாபம் சொல்ல ஆட்கள் வருவார்கள். மூன்றாம் நாள் பேச்சு மாறிவிடும்: "இனி இதை வைத்து என்ன செய்ய? பெக்கோவைக் கொண்டு வந்து தள்ளிவிட்டு, தூண் போட்டு மூன்று மாடி எழுப்புவோம்." ஒரு வாரத்துக்குள் நூறு வருடச் சுவர் லொறியில் ஏறி எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போய்விடும்.

உறுதிப்படி அந்தச் சுவர் காணிக்காரருடையதுதான். அதில் விவாதமில்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான்கு தலைமுறை வழி கேட்டது, வழி சொன்னது. "மஞ்சள் மாடிக்கு எதிரே", "வளைவு யன்னல் கடைக்குப் பக்கத்தில்" என்று ஊர் தன் தெருவை அடையாளம் வைத்திருந்தது. அந்த அடையாளம் யாருடைய உறுதியிலும் எழுதப்படவில்லை. அப்படியானால், எரிந்த பின்னும் நிற்கும் சுவரில் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு 1988இல் ஒரு நகரம் முழுவதும் பதில் தேட வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நகரத்தின் பெயர் லிஸ்பன், போர்த்துக்கலின் தலைநகரம்.

▪ லிஸ்பனுக்கும் நமக்கும் என்ன?

போர்த்துக்கேயர் என்றதும் 1505, கோட்டை இராச்சியம், கறுவா வணிகம் என்று வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வரும். நம் முன்னோரை "மூர்" என்று அழைத்து, அந்தப் பெயரைப் பிற்கால அரசாங்கங்களின் பதிவேடுகள் வரை கொண்டு சேர்த்தவர்களும் அவர்களே. அந்த உறவில் கசப்பு அதிகம். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நம் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். யன்னல் அவர்களுடைய "ஜனேலா". கதிரை அவர்களுடைய "கதேய்ரா". மேசை "மேசா". அலுமாரி "அர்மாரியோ". விறாந்தை என்ற சொல்லும் அவர்கள் வாய்வழியாகவே உலகெங்கும் பரவியது. யன்னலுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே லிஸ்பனிலிருந்து வந்ததென்றால், அந்த ஊர் தன் எரிந்த யன்னல்களை என்ன செய்தது என்று அறிய நமக்கும் ஓர் உரிமை உண்டு.

▪ அழிவிலிருந்து பிறந்த தெருக்கள்

1755 நவம்பர் 1ஆம் திகதி லிஸ்பனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பிறகு கடல் ஏறி வந்தது. அதற்கும் மேலே பல நாள் எரிந்த தீ. நகரின் நடுப்பகுதி தரைமட்டமானது. மன்னரின் அமைச்சர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், பொறியியலாளர்களை அழைத்துப் புதிய நகரமொன்றைத் திட்டமிடச் சொன்னார்.

அவர்கள் செய்த வேலை அக்காலத்துக்குப் புதுமையானது. "பைஷா" எனப்படும் தாழ்வான வணிகப் பகுதி முழுவதும் நேர்கோட்டுத் தெருக்களாக அமைந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்தார்கள். மாடி உயரம், யன்னல் அகலம், பல்கனிக் கம்பி எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. காணிக்காரர் யாராக இருந்தாலும் வரைபடத்தில் உள்ளபடிதான் முன்பக்கத்தைக் கட்ட வேண்டும். சுவருக்குள்ளே மரச்சட்டத்தால் ஒரு கூடு. போர்த்துக்கேய மொழியில் அதன் பெயர் "கூண்டு" என்றே பொருள்படும். நிலம் ஆடினாலும் கட்டடம் ஆடி நிற்க வேண்டும் என்பதற்காக. மாதிரிக் கூண்டு ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டுப் பரிசோதித்தார்கள் என்றும் சொல்வார்கள். தீ ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்குத் தாவாமல் இருக்க, இடைச் சுவர்களைக் கூரைக்கு மேலாக உயர்த்தினார்கள்.

பைஷாவை ஒட்டி மேட்டில் ஏறும் பகுதிதான் ஷியாடோ. புத்தகக் கடை, துணிக்கடை, நகைக்கடை, தேநீர்ச்சாலை என்று நகரத்தவர் நல்ல உடுப்பு உடுத்துப் போகும் இடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே பெரிய பல்பொருள் அங்காடிகள் எழுந்தன. 1894இல் திறந்த ஷியாடோ அங்காடியும் 1907இல் திறந்த கிராண்டெல்லா அங்காடியும் அவற்றில் பேர்பெற்றவை. பெரிய கடைக்குப் பெரிய இடம் வேண்டும். ஆகவே வருடங்கள் போகப் போக உள்ளே சுவர்களை உடைத்தார்கள், மாடிகளை இணைத்தார்கள், சரக்கை நிரப்பினார்கள். முன்பக்கம் பழையபடியே இருந்தது. தீயை மறிக்க முன்னோர் வைத்த ஏற்பாடுகள் உள்ளே ஒவ்வொன்றாகக் கழன்றன.

▪ 1988 ஒகஸ்ட் 25

அன்று வியாழக்கிழமை. விடிவதற்கு முன், ஐந்து மணியளவில், கிராண்டெல்லா அங்காடிக்குள் தீ தொடங்கியது. வணிகப் பகுதி என்பதால் இரவில் தங்குவோர் குறைவு. தீயணைப்பு வண்டிகள் வந்தபோது இன்னொரு சங்கடம். கார்மோ வீதியை நடைபாதைத் தெருவாக மாற்றி, நடுவே கொங்கிறீட் இருக்கைகளும் பூந்தொட்டிகளும் கட்டியிருந்தார்கள். அழகுக்குக் கட்டியவை வண்டிகளுக்குத் தடையாக நின்றன.

தீ வீதியைத் தாண்டியது. ஷியாடோ அங்காடிக்கும் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடியும் 18 கட்டடங்கள் அழிந்தன. இருவர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுமார் 2000 பேர் ஒரே நாளில் தொழிலை இழந்தார்கள். நூறு, இருநூறு வருடம் நடந்த கடைகள் அன்றோடு முடிந்தன.

ஆனால் பல இடங்களில் முகப்புகள் நின்றன. உள்ளே ஒன்றுமில்லை. யன்னலூடாகப் பார்த்தால் வானம்.

▪ மூன்று குரல்கள்

உடனே விவாதம் தொடங்கியது. ஒரு சாரார், எரிந்தது எரிந்துவிட்டது, இது புதிய காலம், புதிய கட்டடக்கலையால் கட்டுவோம் என்றார்கள். இன்னொரு சாரார், ஓர் ஆணி பிசகாமல் எல்லாம் பழையபடியே வேண்டும் என்றார்கள். மூன்றாவது குரல் எந்த ஊரிலும் சத்தமில்லாமல் பேசும் குரல்: நல்ல இடம், நல்ல விலை, உயரமாகக் கட்டலாம்.

மாநகர முதல்வர் நுனோ குரூஸ் அபெகாசிஸ் ஒரு முடிவெடுத்தார். வடக்கே போர்ட்டோ நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அல்வாரோ சீசாவிடம் முழுப் பகுதியின் மறுகட்டுமானத்தையும் ஒப்படைத்தார். சீசா அப்போதே உலகறிந்த நவீன கட்டடக் கலைஞர். 1992இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்படிப்பட்டவர் தன் பெயரைப் பொறிக்கும் விதமாக ஏதாவது பிரமாண்டமாகச் செய்வார் என்று பலர் எதிர்பார்த்தார்கள்.

அவர் செய்தது நேர்மாறானது. நிற்கும் முகப்புகளைக் காப்பாற்றினார். விழுந்தவற்றைப் பழைய அளவிலேயே, பழைய ஒழுங்கிலேயே எழுப்பினார். அவர் கருத்தின் சாரம் இதுதான்: ஷியாடோ தனித்தனிக் கட்டடங்களின் கூட்டமல்ல. அது பெரியதொரு நகரத் திட்டத்தின் ஒரு துண்டு. பெரிய பாயின் ஒரு மூலை எரிந்தால் அந்த மூலைக்கு வேறு நிறத்தில் வேறு பாய் பின்னுவதில்லை.

உள்ளே மட்டும் அவர் துணிந்து மாற்றினார். பழைய மரக்கூண்டுக்குப் பதிலாகக் கொங்கிறீட் சட்டம் வந்தது. கீழே கடை, நடுவே அலுவலகம், மேலே மீண்டும் வீடுகள். இரவில் மனிதர் வாழும் தெருவாக அது மாற வேண்டும் என்பது நோக்கம். கட்டடங்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த முற்றங்களைத் திறந்து பொதுமக்கள் நடக்கும் வழியாக்கினார். மேட்டையும் பள்ளத்தையும் படிகளாலும் நடைவழிகளாலும் இணைத்தார். அவர் வடிவமைத்த சுரங்க ரயில் நிலையம் 1998இல் திறந்தது. பழைய ஷியாடோ அங்காடி 1999இல் புதிய வணிக வளாகமாக மீண்டும் திறந்தது. தீ விபத்து நடந்து பதினொரு வருடங்களுக்குப் பிறகு! நடைவழிகளின் கடைசிப் பகுதிகள் முடிய மேலும் பல வருடங்கள் பிடித்தன.

▪ எரிந்த சுவரை எப்படி நிறுத்தி வைப்பது?

"அந்தச் சுவர் எப்படியும் விழும்தானே, ஆபத்துத்தானே" என்பது இடிப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். அது நியாயமான பயம். ஒரு முகப்புச் சுவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பவை மாடி வளைகளும் குறுக்குச் சுவர்களும்தான். அவை எரிந்தால் சுவர் தனியே நிற்கும் பலகை மாதிரி. பலத்த காற்றே போதும்.

அதற்காகத்தான் முதல் வேலை முட்டுக்கொடுப்பது. தெருப்பக்கமோ உள்பக்கமோ இரும்புச் சட்டம் எழுப்பி, யன்னல் ஓட்டைகளூடாகச் சுவரை இரு பக்கமும் பற்றிப் பிடிக்கிறார்கள். உள்ளே புதிய கட்டடம் எழுந்து சுவரோடு இணைக்கப்படும் வரை அந்தச் சட்டம் நிற்கும்.

இரண்டாவது, பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை பெக்கோவைத் தூர வைப்பது. கறுத்த சுவரெல்லாம் கெட்ட சுவரல்ல. கரி மேலே படிவது. வெப்பம் உள்ளே புகுவது. சில கற்கள் வெப்பம் ஏறும்போது சிவப்பு நிறமாக மாறும். அந்த நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அனுபவமுள்ளவர்கள் மதிப்பிடுவார்கள். விழுந்த கற்களையும் வளைவுகளையும் இலக்கமிட்டு எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டலாம்.

மூன்றாவது, ஈரம். தீயை அணைக்க அடித்த நீர் சுவருக்குள்ளே தங்கியிருக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் மெதுவாக மூச்சுவிட்டுக் காயும். அதற்குள் அவசரப்பட்டுச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரை உள்ளிருந்தே தின்னும். கபூக் கல்லிலும் முருகைக் கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் கட்டிய நம் பக்கத்துப் பழைய சுவர்களுக்கும் இது பொருந்தும்.

▪ ஒரே நகரம், மூன்று பதில்கள்

லிஸ்பன் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இது. ஷியாடோவின் மேட்டிலேயே கார்மோ மடாலயம் இருக்கிறது. 1755 நிலநடுக்கத்தில் அதன் கூரை விழுந்தது. திரும்பக் கட்டத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டார்கள். இன்றும் கூரையில்லாமல், வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. உள்ளே ஒரு நூதனசாலை. இடிபாடே அங்கு நினைவுச் சின்னம்.

கீழே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் சாவோ டொமிங்கோ தேவாலயம். 1959இல் அது தீக்கு இரையானது. தீயை அணைக்கப் போன இரு வீரர்கள் உயிரிழந்தார்கள். 1994இல் மீண்டும் திறந்தபோது கூரை புதிது. ஆனால் வெடித்த தூண்களையும் கருகிய சுவர்களையும் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே நுழைபவர் யாரும் கேட்காமலே தெரிந்துகொள்வார், இங்கே தீ வந்து போனது என்று.

மூன்றாவது ஷியாடோ. அங்கே தெருவின் முகம் திரும்பி வந்தது. தீயின் தழும்பு தெரியவில்லை.

இடிபாடாக விடுவது, தழும்போடு பாவிப்பது, முகத்தை மீட்டு உள்ளே புதிதாகக் கட்டுவது. இம்மூன்றில் எது சரி? வணிகத் தெருவுக்கு இடிபாடு சரிவராது. அங்கே மனிதர் உழைத்துச் சாப்பிட வேண்டும். வணக்கத்தலத்துக்குத் தழும்பு பொருந்தியது. கட்டடத்தின் வேலை என்ன, எரிந்தது எப்படி என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

▪ நம் நாட்டின் வெள்ளைச் சுவர்

எரிந்தது எப்படி என்றதும் நாம் யாழ்ப்பாணம் பொது நூலகத்தைத் தாண்டிப் போக முடியாது. 1959இல் திறந்த அழகிய கட்டடம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலின்போது எரிக்கப்பட்டது. நூல்களும் சுவடிகளுமாகச் சுமார் 97,000 அழிந்தன. சுவர்கள் நின்றன.

பின்னர் ஒரு பகுதி திருத்தப்பட்டு 1984இல் இயங்கத் தொடங்கியது. போர் அதையும் விட்டுவைக்கவில்லை. பல வருடங்கள் அது கூரையற்று, குண்டுத் துளைகளோடு நின்றது. 1990களின் இறுதியில் மறுகட்டுமானம் பற்றிப் பேச்செழுந்தபோது அங்கும் இதே விவாதம் வந்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே சாட்சியாக விடுங்கள், நூலகத்தை வேறாகக் கட்டுங்கள் என்றார்கள் ஒரு சாரார். பிள்ளைகளுக்கு வாசிக்க இடம் வேண்டும், எங்கள் நூலகம் எங்கள் நூலகமாகவே எழ வேண்டும் என்றார்கள் இன்னொரு சாரார்.

இறுதியில் பழைய தோற்றத்திலேயே கட்டினார்கள். இன்று பிள்ளைகள் அங்கே வாசிக்கிறார்கள். அது பெரிய நன்மை. ஆனால் அந்த வெள்ளைச் சுவரை முதல் தடவை காணும் ஒருவர் தீயை ஊகிக்க முடியாது. லிஸ்பன் தீ ஓர் அங்காடிக்குள் தொடங்கியது. யாழ்ப்பாணத் தீ மனிதர் கையால் வைக்கப்பட்டது. பின்னதில் கரி படிந்த சுவர் வெறும் சேதமல்ல, சாட்சியம். அதனால்தான் வெள்ளை அடித்ததைச் சிலர் மீட்பாகவும் சிலர் மறைப்பாகவும் பார்த்தார்கள். இரண்டு பார்வையிலும் நியாயம் இருக்கிறது. முகத்தை மீட்கும் எந்த ஊரும் காயத்தையும் எங்கேயாவது ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

▪ முகம் பிழைத்தது, ஆட்கள்?

ஷியாடோவை முழு வெற்றி என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். பதினொரு வருடம் எந்தச் சிறு வியாபாரி காத்திருப்பார்? பழைய கடைகள் பல திரும்பவே இல்லை. தெரு அழகாக மீண்டபோது வாடகையும் ஏறியது. உலகின் எந்தப் பெருநகரிலும் காணும் பெரிய நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள் அந்தப் பழைய யன்னல்களுக்குக் கீழே தொங்கின. முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது; அதன் பின்னால் நின்ற மனிதர் திரும்பி வரும் வழியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவருக்கு முதல் உரிமை, இடைக்காலத்தில் வியாபாரம் செய்ய ஓர் இடம், காப்புறுதி ஆகியவை கட்டடக் கலைஞரின் வேலையல்ல. அவை ஊர்ச் சபைகளின், வர்த்தக சங்கங்களின் வேலை.

▪ நாம் என்ன செய்யலாம்?

நம் நாட்டுச் சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தானாகவே பாதுகாப்பது 1815 மார்ச் 2க்கு முற்பட்ட நினைவுச் சின்னங்களை. கண்டி ஒப்பந்தத் திகதி அது. அதற்குப் பிந்திய கட்டடம் என்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். நம் கடைத்தெருக்களின் பழைய மாடிகள் பெரும்பாலும் 1815க்குப் பிந்தியவை. ஆகவே அவற்றில் அநேகமானவற்றுக்குச் சட்டத்தின் நிழல் கிடையாது. ஊராரின் நினைவுதான் அவற்றுக்கு ஒரே காவல்.

லிஸ்பனுக்கு ஒரு பலம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வரைந்த முகப்புப் படங்கள் அதன் நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விழுந்துபோன யன்னல் எவ்வளவு அகலம் என்று அங்கே ஊகிக்க வேண்டியதில்லை. நம் தெருவில் நாளை ஒரு மாடி எரிந்தால், அது எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? கல்யாண வீட்டுப் படத்தின் பின்புலத்தில் தற்செயலாக விழுந்த ஒரு மூலை மட்டும்தானே?

ஆகவே தீ வருவதற்கு முன்பே செய்யக்கூடியவை இவை.

1. ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் உயர்தர மாணவர் நான்கு பேர் போதும். தெருவின் இரு பக்கமும் ஒவ்வொரு பழைய கட்டடத்தையும் நேர் எதிரே நின்று படமெடுங்கள். யன்னல், கதவு, விறாந்தைத் தூண், மரச் சித்திரவேலை, நெற்றியில் பொறித்த ஆண்டு எல்லாவற்றையும் கிட்டவும் எடுங்கள்.

2. அளவுநாடா கொண்டு யன்னல், கதவு, மாடி உயரங்களை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

3. இலக்கமிட்ட பலகைக் கதவு இன்னும் இருக்கும் கடைகளில், அதை எப்படிப் பூட்டுவது என்று முதலாளியிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அது தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

4. பழைய மின்வயர்களை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே சுவரை உடைத்துக் கடைகளை இணைப்பவர்கள், அந்தச் சுவர் தீயை மறித்துக்கொண்டிருந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெருவை அழகுபடுத்துவோர் தீயணைப்பு வண்டி வரும் அகலத்தை விட்டுவையுங்கள்.

5. அப்படியும் ஒரு கட்டடம் எரிந்துவிட்டால், முதல் வாரத்திலேயே இடிக்கும் முடிவை எடுக்காதீர்கள். முட்டுக்கொடுங்கள், வேலி அடியுங்கள், பொறியியலாளரை அழையுங்கள். இடிப்பதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

காணிக்காரரின் கஷ்டத்தை நான் மறக்கவில்லை. எரிந்த கடையோடு நிற்பவரிடம் போய் "சுவரைக் காப்பாற்று" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. லிஸ்பனில் மறுகட்டுமானத்துக்கு உதவ அரசு தனி நிதியமொன்றை அமைத்தது. சுவரில் ஊருக்கும் பங்கு உண்டென்றால் அதைக் காக்கும் செலவிலும் ஊருக்குப் பங்கு உண்டு. ஸகாத், நன்கொடை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் உதவி என்று பள்ளிக்கும் பாடசாலைக்கும் கை கொடுக்கத் தெரிந்த சமூகம் நாம். எது எதற்குச் செலவாகலாம் என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் எரிந்த தெரு ஒரு தனிமனிதனின் நட்டம் மட்டும்தான் என்ற எண்ணத்தை முதலில் விடுவோம்.

உங்கள் வீட்டு அல்பத்தில் நம் கடைத்தெருவின் பழைய படம் ஏதாவது இருந்தால் கீழே கொமென்டில் போடுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடை, படத்தில் நிற்பது யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் வாப்பாவிடமோ மூத்தம்மாவிடமோ இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.